கவுன்சலராகத் தனியே தொழில் நடத்த உரிமம் தேவையா? இந்தியச் சட்டம் யாரை ஆலோசகர் என்று ஏற்கிறது?

கேள்வி: முல்லை

அனைவருக்கும் வணக்கம். தொலைநிலைக் கல்வி வழியாக உளவியலில் எம்.எஸ்சி. பட்டமும், அதற்குப் பிறகு ஆலோசனை உளவியலில் முதுநிலைப் பட்டயமும் பெற்றிருக்கிறேன். ஒரு தனியார் பள்ளியில் பகுதிநேர ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மாலை வேளைகளில் தனியாக ஓர் அறை எடுத்து, பெரியவர்களுக்கும் தம்பதியருக்கும் கவுன்சலிங் வழங்கலாம் என்று எண்ணம்.

இதை நாலு பேரிடம் சொல்லப்போய் நாலு விதமான பதில் வந்தது. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண் இல்லாமல் பலகை மாட்டினால் சிறைத் தண்டனை உண்டு என்று ஒருவர் அச்சுறுத்துகிறார். கவுன்சலிங்குக்கு நம் நாட்டில் சட்டமே கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறார் இன்னொருவர். நான் ஒரு குறுகியகாலப் பயிற்சி பெற்ற தனியார் நிறுவனமோ, தான் வழங்கிய சான்றிதழே "பன்னாட்டு உரிமம்" என்றும் அதைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டினாலே போதும் என்றும் சொல்கிறது. இவற்றில் எது உண்மை? "மனநல ஆலோசகர்", "சைக்காலஜிஸ்ட்", "தெரபிஸ்ட்" என்ற பெயர்களில் எதை நான் பயன்படுத்தலாம்? என்னிடம் வருபவர் சான்றிதழ் கேட்டால் எழுதித் தரலாமா? சட்டப் பிரிவுகளை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: வழக்குரைஞர் நெடுமாறன்

முல்லை அவர்களுக்கு, நீங்கள் கேள்விப்பட்ட மூன்று பதில்களில் முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது முழுக்க விற்பனைப் பேச்சு. இந்தியாவில் எந்தத் தனியார் பயிற்சி நிறுவனத்துக்கும் உரிமம் வழங்கும் அதிகாரம் இல்லை. சட்டத்தால் அமைக்கப்பட்ட மன்றமோ ஆணையமோதான் பதிவு வழங்க முடியும்.

"கவுன்சலர்" என்ற ஒரே சொல்லுக்குப் பொதுவான வரையறை தந்து, அந்தப் பெயரில் தொழில் நடத்துவோர் அனைவரையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவரும் ஏற்பாடு நம் நாட்டில் இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. அதனால்தான் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. சட்டங்கள் இந்தத் தொழிலைத் துண்டு துண்டாகத் தொடுகின்றன. எந்தத் துண்டு உங்கள்மேல் படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம். ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் சொல்வது இதன்கீழ் அமைந்த மன்றத்தைத்தான். "மறுவாழ்வுத் தொழில்முறையாளர்" என்பதற்கு இச்சட்டம் தரும் பட்டியலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநோயை மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் உளவியலாளர்), மறுவாழ்வு உளவியலாளர், மறுவாழ்வு ஆலோசகர், மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்வழிகாட்டி ஆலோசகர் ஆகியோர் இடம்பெறுகிறார்கள். ஏற்கப்பட்ட தகுதியும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரும் இல்லாத ஒருவர் இந்தப் பணிகளில் ஒன்றைத் தொழிலாக நடத்தினால், 13-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்களை அச்சுறுத்தியவர் இந்தப் பிரிவைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். ஆனால் திருமண உறவுச் சிக்கல், வேலை அழுத்தம், துயரம் ஆகியவற்றுக்குப் பொதுவான ஆலோசனை வழங்குபவர் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே நீங்கள் "கிளினிக்கல்" என்ற சொல்லைத் தொடாதவரை, மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுப் பணியை மேற்கொள்ளாதவரை, இந்தப் பிரிவு உங்களைத் தேடி வராது.

இரண்டாவது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. "மனநலத் தொழில்முறையாளர்" யார் என்பதை இச்சட்டம் இறுக்கமாகவே வரையறுக்கிறது. மனநல மருத்துவர் அதில் வருகிறார். மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர் வருகிறார்கள். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி ஆகிய முறைகளில் உரிய பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் வருகிறார்கள். சித்த மருத்துவத்தில் அது சிறப்பு மருத்துவப் பிரிவு. ஆலோசகர் என்ற சொல்லை அந்த வரையறையில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது. ஆகவே கடிதத் தாளில் "மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநலத் தொழில்முறையாளர்" என்ற பொருள்படும் எதையும் நீங்கள் அச்சிடக் கூடாது.

இதே சட்டத்தில் "மனநல நிறுவனம்" என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. மனநோய் உள்ளவர்கள் தற்காலிகமாகவேனும் சேர்க்கப்பட்டுத் தங்கியிருந்து சிகிச்சையோ பராமரிப்போ பெறும் இடம்தான் அது. மணிக்கணக்கில் வந்து பேசிவிட்டுப் போகும் அறை இதில் அடங்காது. ஆனால் மதுவாலும் போதைப் பொருளாலும் உண்டாகும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் இச்சட்டம் சேர்த்திருப்பதால், ஆட்களைத் தங்கவைக்கும் போதை மீட்பு மையங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பகுதிநேர வேலைக்கு அத்தகைய மையம் எதுவும் உங்களை அழைத்தால், சம்பளத்தைப் பேசுவதற்கு முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பதிவில்லாமல் நடத்துவோருக்கு முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

மூன்றாவதுதான் உங்களுக்கு மிக முக்கியமானது. மருத்துவத் துணைத் தொழில்களையும் பிற நலவாழ்வுத் தொழில்களையும் ஒழுங்குபடுத்தும் தேசிய ஆணையத்துக்கான சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் பத்துத் தொழில் வகைகள் உள்ளன. ஏழாவது வகையில், நடத்தைசார் நல அறிவியல் என்ற தலைப்பின்கீழ், ஆர்.சி.ஐ.யின் வரம்பில் வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நீங்கலான உளவியலாளர், ஒருங்கிணைந்த நடத்தைநல ஆலோசகர், நோய்சார் ஆலோசகர், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர், சமூகப் பணியாளர் போன்றோர் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். "நலவாழ்வுத் தொழில்முறையாளர்" என்று ஏற்கப்பட, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணிநேரம் கொண்ட பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது அதன் வரையறை. சட்டத்தை எழுதிய வேகத்தில் மாநில மன்றங்கள் அமையவில்லை. அதனால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மாநிலங்கள் இரண்டு மாதத்துக்குள் மன்றங்களை அமைக்க வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது. பதிவு முழுமையாகத் தொடங்கும்போது, பதிவில்லாமல் அந்தப் பெயர்களைப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது.

சட்டமே இல்லை என்று சொன்ன நண்பரிடம் இந்த 2021-ஆம் ஆண்டு அட்டவணையைக் காட்டுங்கள்.

பதில்: தாமரைச்செல்வி

ஆர்.சி.ஐ. பதிவுடன் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பணியாற்றுகிறேன். நெடுமாறன் ஐயா சட்டத்தை நன்றாக விளக்கிவிட்டார். நடைமுறையில் பிரச்சினை எங்கே முளைக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

பெயர்ப் பலகையால் சிக்கலுக்கு உள்ளானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சான்றிதழால் சிக்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். விவாகரத்து வழக்கில் இருக்கும் கணவர் வந்து, "மனைவிக்கு மனநிலை சரியில்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள்" என்பார். வேலையில் இருப்பவர், நீண்ட விடுப்புக்குப் பிறகு, தாம் பணிக்குத் தகுதியானவர் என்று எழுதித் தரக் கேட்பார். மாணவரின் பெற்றோர், தேர்வில் கூடுதல் நேரம் பெறுவதற்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று கேட்பார்கள். இந்த மூன்றையும் நீங்கள் மறுக்க வேண்டும், முல்லை. சட்டப்படி மறுவாழ்வுத் தொழில்முறையாளர் கையொப்பமிட வேண்டிய சான்றில் பதிவில்லாதவர் கையொப்பமிடுவதை, நெடுமாறன் ஐயா குறிப்பிட்ட அதே 13-ஆம் பிரிவு தனியாகத் தடை செய்கிறது. நீங்கள் தரக்கூடியது ஒன்றே ஒன்று: இன்னார் இன்ன தேதிகளில் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார் என்ற வருகைக் குறிப்பு. அதையும் வந்தவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு, அவருடைய கையிலேயே கொடுங்கள். நோயின் பெயர் அதில் இருக்கக் கூடாது. பார்த்தே இராத மனைவியைப் பற்றி ஒரு வரியும் இருக்கக் கூடாது.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, தம் தொழில் துறைக்கு உட்படாத மருந்தையோ சிகிச்சையையோ எந்த மனநலத் தொழில்முறையாளரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. வரையறைக்குள் இருக்கும் எங்களுக்கே அந்த வேலி இருக்கும்போது, வெளியே இருக்கும் ஆலோசகர் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. "டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் தூக்கமாக வருகிறது, நிறுத்திவிடட்டுமா?" என்று வருபவர் கேட்கும்போது, "கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்" என்று அன்பாகச் சொல்லிவிடத் தோன்றும். அந்த ஒரு வாக்கியம் உங்கள் வரம்பைத் தாண்டியது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

முதல் அமர்விலேயே ஒப்புதல் படிவம் ஒன்றில் கையொப்பம் வாங்குங்கள். என் தோழி ஒருவர் தம் படிவத்தின் தொடக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "நான் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஆலோசகர். நான் மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோ அல்லேன். நோயறிதல் செய்வதில்லை, மருந்து பரிந்துரைப்பதில்லை, நீதிமன்றத்துக்கோ அலுவலகத்துக்கோ மதிப்பீட்டுச் சான்று தருவதில்லை." இந்த மூன்று வாக்கியங்கள் அவரை எத்தனையோ வம்பிலிருந்து காத்திருக்கின்றன. கட்டணம் வாங்கி வழங்கும் சேவை என்பதால், இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் உங்கள்மேல் புகார் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மேற்பார்வை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் இன்று உங்களிடம் அதைக் கேட்கவில்லை. இருந்தாலும், அனுபவம் உள்ள ஒருவரிடம் முறையாக உங்கள் வழக்குகளைக் கலந்து பேசி, தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். மணிநேரக் கணக்கைக் கேட்கும் பதிவு முறை வரப்போகும் காலத்தில், தொலைநிலைப் பட்டம் மட்டும் கையில் உள்ளவருக்கு அந்த நோட்டுப் புத்தகம் சிறிய துணையாகவேனும் இருக்கும்.

மறுமொழி: முல்லை

இருவருக்கும் மிக்க நன்றி. சான்றிதழ் விஷயத்தில் நான் அசட்டையாக இருந்திருப்பேன் என்பது இப்போது புரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. என் பட்டம் தொலைநிலைப் பட்டம் என்பதால் பிற்காலத்தில் அது செல்லாது என்று ஆகிவிடுமா? பள்ளியில் ஒரு மாணவி என்னிடம் தனியாகச் சொல்லும் செய்தியை இரகசியமாக வைத்திருக்கும் உரிமை எனக்கு எந்த அளவுக்கு இருக்கிறது? "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறேன்.

பதில்: பள்ளி ஆலோசகர் பூங்குழலி

சகோதரி, அந்த வாக்கியத்தை நாளை முதல் சொல்லாதீர்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்தது என்று அறிந்த, அல்லது நடக்கலாம் என்று அஞ்சும் "எந்த நபரும்" சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. ஆலோசகருக்கு அதில் விலக்கு இல்லை. தராவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், அதோடு என் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சட்டம் குறிப்பிடுவது காவல்துறையைத்தான்.

நான் சிறார்களிடம் சொல்வது இதுதான்: "நீ சொல்வதை உன்னைக் கேட்காமல் யாரிடமும் பேச மாட்டேன். ஆனால் உன் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது உன்னிடம் தவறாக நடந்திருந்தாலோ, உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்." இதைக் கேட்டுவிட்டுச் சிலர் அன்று பேசாமலேயே எழுந்து போவார்கள். அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலோர் சில நாள் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

பள்ளி வேலையைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 ஜூலையில் சுக்தேப் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், சிறார் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். பட்டம் மட்டும் போதாது, சிறார் மனநலத்தில் பயிற்சி பெற்றதைக் காட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். உங்கள் பட்டயப் படிப்பில் அந்தப் பாடம் இருந்ததா என்று மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதற்கென்று தனியாகப் பயிற்சி பெறுங்கள்.

பதில்: டெக்சஸ்வாசி

முல்லை அவர்களின் கேள்வி நேரடியாக அமெரிக்காவைப் பற்றியது அன்று. ஆனாலும் இணையவழி அமர்வு நடத்த நினைக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இங்கே ஆலோசகர் உரிமம் மாநிலந்தோறும் தனித்தனியானது. 1976-இல் வர்ஜீனியா தொடங்கி வைத்தது. கடைசியாகக் கலிபோர்னியா 2009-இல் சட்டம் இயற்றியது. நான் இருக்கும் டெக்சஸில் முதுநிலைப் பட்டமும் தேர்வும் முடிந்த பிறகு, மேற்பார்வையின்கீழ் 3,000 மணிநேரம் பணியாற்ற வேண்டும். அதில் 1,500 மணிநேரம் நேரடியாக வாடிக்கையாளர்களுடன் இருக்க வேண்டும். அதன் பிறகே முழு உரிமம்.

இந்திய முறையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்றால், இங்குள்ள சட்டம் பதவிப் பெயரோடு நிற்பதில்லை. ஆலோசனை என்ற செயலையே வரையறுத்து, உரிமம் இல்லாதவர் அந்தச் செயலில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. எனவே "நான் லைஃப் கோச்தான்" என்று பெயரை மாற்றிக்கொண்டு மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்தால் தப்ப முடியாது. அமர்வு நடக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் சட்டமே பொருந்தும். இந்தியாவில் அமர்ந்துகொண்டு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப் வழியாகக் கவுன்சலிங் தருவதாக விளம்பரம் செய்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தாய்மொழியில் பேச ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கும் தெரியும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது உரிமம் இல்லாத தொழில்தான்.

பதில்: வழக்குரைஞர் நெடுமாறன்

முல்லை அவர்கள் கேட்ட தொலைநிலைப் பட்டம் பற்றி. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் நலவாழ்வுப் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அது பொருந்தும். நீங்கள் அதற்கு முன்பே படிப்பை முடித்துவிட்டதால் அந்த அறிவிப்பு உங்கள் பட்டத்தை ரத்து செய்வதில்லை. பட்டம் செல்லும் என்பது வேறு, அந்தப் பட்டத்தைக் கொண்டு உளவியலாளராகப் பதிவு கிடைக்கும் என்பது வேறு. பதிவுக்கான நிபந்தனைகளில் நேரடிப் பயிற்சி மணிநேரம் கேட்கப்பட்டால், உங்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். தாமரைச்செல்வி அம்மா சொன்ன மேற்பார்வைக் குறிப்பேட்டை அதனால்தான் நானும் வற்புறுத்துவேன். ஆனால் அது எந்த ஆணையத்தையும் கட்டுப்படுத்தும் ஆவணம் அன்று, அதை நம்பி மட்டும் இருந்துவிட வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜி பக்கம் போகும் எண்ணம் இருந்தால், பழைய எம்.ஃபில். வழி 2025-26 கல்வியாண்டு வரைதான் அனுமதிக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். எந்தப் படிப்பில் சேர்வதாக இருந்தாலும், அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டுக்கான ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று மன்றத்தின் பட்டியலிலேயே சரிபார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள்.

இரகசியம் பற்றி ஒரு கூடுதல் செய்தி. வழக்குரைஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, ஆலோசகரிடம் பேசியவற்றுக்கு இல்லை. நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பினால் நீங்கள் போய்த்தான் ஆக வேண்டும். உங்கள் குறிப்புகளையும் கேட்கலாம். எனவே குறிப்பில் வந்தவர் சொன்னதை எழுதுங்கள். உங்கள் ஊகங்களையும், மூன்றாம் நபரைப் பற்றிய தீர்ப்புகளையும் எழுதாதீர்கள். தம்பதியருக்கு ஆலோசனை வழங்க எண்ணுவதால் இது உங்களுக்கு இருமடங்கு பொருந்தும். குடும்ப நீதிமன்றங்களில் பணியாற்றும் ஆலோசகர்கள் 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி நியமிக்கப்படுபவர்கள். அந்த நியமனம் இல்லாமல் "குடும்ப நீதிமன்ற ஆலோசகர்" என்று எங்கும் போட்டுக்கொள்ளக் கூடாது.

கடைசியாகப் பலகை. உங்கள் பெயர், அதன்கீழ் "எம்.எஸ்சி. உளவியல், ஆலோசனை உளவியலில் முதுநிலைப் பட்டயம்", அதன்கீழ் "ஆலோசகர்" என்று எழுதுங்கள். "சைக்காலஜிஸ்ட்" என்ற பெயர் 2021-ஆம் ஆண்டு அட்டவணையில் இருப்பதால், பதிவு கிடைக்கும்வரை அதைத் தவிர்ப்பதே விவேகம். "தெரபிஸ்ட்" என்பதும் நலவாழ்வுத் தொழில்முறையாளர் வரையறைக்குள் வரும் சொல்தான், அதையும் விட்டுவிடுங்கள். "மனநல ஆலோசகர்" என்பதை எந்தச் சட்டமும் நேரடியாகத் தடுக்கவில்லை. எனினும் மனநோய்க்குச் சிகிச்சை தருபவர் என்று வருபவர் எடுத்துக்கொள்ள இடம் இருப்பதால், என்னிடம் கேட்டால் வெறும் "ஆலோசகர்" போதும் என்பேன். அந்தத் தனியார் நிறுவனத்தின் "பன்னாட்டு உரிமம்" வீட்டுச் சுவரில் தொங்கட்டும், வரவேற்பறையில் வேண்டாம்.

மறுமொழி: முல்லை

பலகை அடிக்கக் கொடுத்திருந்தவரிடம் இப்போதுதான் பேசினேன். "சைக்காலஜிஸ்ட் & தெரபிஸ்ட்" என்று இருந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டேன். ஒப்புதல் படிவத்தை இந்த வாரம் எழுதி இங்கேயே பதிவிடுகிறேன். பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.